மாமன் விரல்

நீங்களும் பழனிக்குத்தானுங்களா? நல்லதாப் போச்சு. தாராபுரம் தாண்டற வரைக்கும் இந்த வண்டி உருட்டிக்கிட்டேதான் போகும், பேசிட்டே போலாம். சித்த அக்கட்டால நகர்ந்து உக்காந்தீங்கன்னா நல்லா இருக்கும், என் வலது கையை இடிக்கிறீங்க. கோவிச்சுக்காதீங்க. கையில கோளாறு ஒண்ணும் இல்லை. அஞ்சு விரலும் நான் பொறக்கறப்பக் கூட வந்ததுதான். ஆனா இந்த ஆள்காட்டி விரல் இருக்குது பாருங்க, இதே நகம், இதே தழும்பு, இந்த மடிப்புல இருக்கிற சுருக்கம் வரைக்கும் அச்சு அசலா இன்னொரு விரல் இந்த ஒலகத்துல இருக்குது.

இல்லீங்க, நான் குடிக்கிற ஆள் இல்லை. முழுசாக் கேளுங்க.

என் பேரு சென்னியப்பன். காங்கேயத்துல பெயிண்ட் கடை வெச்சிருக்கறேன். கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, துளசிமணி. உள்ளூர்லயே குடுத்திருக்குது. மாப்பிள்ளை பேரு குழந்தைவேல், தேங்காய் எண்ணெய் மில்லு நடத்தறாரு. தங்கமான மனுசன். ஒரே ஒரு குறை, பேச மாட்டாரு. ஊர்ல எந்த நியாயம்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பாரு. கடைசியா வலது கை ஆள்காட்டி விரலை ஒருத்தர் பக்கம் நீட்டி, "இவரு சொல்றது சரி" அப்படிம்பாரு. அதோட முடிஞ்சது. நான் ஒரு மணி நேரம் தொண்டை வத்தப் பேசி ஆகாத காரியம், அவரு விரலை நீட்டினா ஆயிரும். எனக்கு அது ஆச்சரியமாத்தான் இருக்கும்.

அந்த விரலைத்தானுங்க மில்லு பெல்ட்டு இழுத்துக்கிச்சு. அடியில ஒரு துண்டுதான் மிச்சம்.

புண்ணு ஆறிருச்சு. மனுசன் ஆறலை. எங்க போனாலும் கையைத் துண்டுக்குள்ளயே வெச்சுக்குவாரு. ஒரம்பரை, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தா மொய் எழுதிட்டு அப்படியே கெளம்பிருவாரு, பந்தியில உக்கார மாட்டாரு. வீட்டுலயும் கதவைச் சாத்திட்டு ஸ்பூன்ல சாப்பிட்டாராம். நியாயம் பேசக் கூப்பிட்டா உடம்பு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிருவாரு. துளசி என் கடையில வந்து உக்காந்து அழுதா. பெயிண்ட் டப்பா மேல உக்காந்துக்கிட்டு முந்தானையில மூக்கைச் சிந்தினா. எனக்கு மனசு கேட்கலைங்க.

அப்பறம் டாக்டர் ஒருத்தர் வழி சொன்னாரு. கோயமுத்தூர்ல பிரிசில்லா மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க. காது, மூக்கு, விரல், பாதம், என்ன போயிருந்தாலும் சிலிக்கான்ல செஞ்சு குடுப்பாங்க. உடம்புத் தோலுக்கு ஒண்ணும் பண்ணாத சிலிக்கான். தொட்டா ரப்பராட்டம் இருக்காது, சதையாட்டவே இருக்கும். அவங்க வேலை செய்யற இடத்துக்குப் போனப்ப அலமாரியில வரிசையாக் காதா வெச்சிருந்தாங்க. நாங்க பேசறதை எல்லாம் அதுக ஒட்டுக் கேட்கறாப்பல இருந்துச்சு. நான் கொஞ்ச நேரம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.

சாதாரணமா என்ன பண்ணுவாங்கன்னா, அடுத்த கை விரலை அச்சு எடுத்து அதையே திருப்பிச் செய்வாங்களாம். மாப்பிள்ளைக்கு இடது கை ஆள்காட்டி விரல் சின்ன வயசுல ஒடைஞ்சு கோணலா சேர்ந்தது. அதனால மேடம் சொன்னாங்க, சொந்தக்காரங்கள்ல ஒரே வாகுல விரல் இருக்கிறவங்க யாராவது வாங்கன்னு. துளசி எல்லாருக்கும் போன் போட்டா. ஆம்பளைங்களா ஒரு வேன் புடிச்சுப் போனோம். மாப்பிள்ளையோட தம்பி, சித்தப்பா பையனுங்க, மில்லுக் கணக்கப்பிள்ளை, அப்பறம் நான். மேஜை மேல எல்லாரும் வலது கையை நீட்டி வெச்சோம். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு விரலாப் புடிச்சு, மடக்கி, திருப்பிப் பார்த்துட்டே வந்தாங்க. கணக்கப்பிள்ளை விரல் ரொம்ப ஒல்லி. தம்பியோடது குட்டை. என்கிட்ட வந்தாங்க. பார்த்தாங்க. மறுபடி பார்த்தாங்க. "இதுதான்" அப்படின்னாங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. பள்ளிக்கூடத்துல ஒரு ஓட்டப் பந்தயத்துலகூட நான் ஜெயிச்சது இல்லை. பொண்ணு பார்க்கப் போன இடத்துலகூட மொத ரெண்டு வீட்டுலயும் என்னை வேண்டாம்னாங்க. அன்னிக்கு அத்தனை பேருக்கு நடுவுல என் விரலைப் புடிச்சு இதுதான்னாங்க. வேன்ல திரும்பி வர்றப்ப அந்தத் தம்பிக்காரன் என்கூடப் பேசவே இல்லை. பொறாமை. எனக்கு அது புரிஞ்சது.

அச்சு எடுக்கறது ஒரு தவமுங்க. ஒரு டம்ளர்ல ரோஸ் கலர்ல மாவாட்டம் கலக்கி, அதுக்குள்ள விரலை விடச் சொன்னாங்க. சில்லுன்னு இருந்துச்சு. அசையக் கூடாதுன்னாங்க. நான் மூச்சே விடலை. "மூச்சு விடலாம் சார், விரல்தான் அசையக் கூடாது"ன்னாங்க. இருந்தாலும் எதுக்கு வம்புன்னு கொஞ்சமாத்தான் விட்டேன். இறுகினதும் விரலை உருவினா, உள்ள என் விரல் இருந்த இடம் குழியா இருக்குது. அதுல மெழுகு ஊத்தி, மெழுகு விரலை மாப்பிள்ளை விரல் மிச்சத்துல பொருந்தறாப்பல செதுக்கி, அதுக்கு மறுபடி அச்சுப் போட்டு, அப்பறம்தான் சிலிக்கான். கலரை அவரை சன்னல் ஓரமா உக்கார வெச்சுத்தான் சேர்த்தாங்க, வெயில்ல பார்த்தாத்தான் சரியாத் தெரியுமாம். அவரு கொஞ்சம் செவப்பு, நான் இந்த நெறம். என் விரலுக்குப் பவுடர் போட்டாப்பல ஆயிருச்சு. பரவால்லைன்னு விட்டுட்டேன்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் விட்டுக் குடுக்கலை. இந்தத் தழும்பு இருக்குது பாருங்க, பையனா இருக்கறப்ப எளநி சீவப் போய் வெட்டிக்கிட்டது. மேடம் சொன்னாங்க, இதை எடுத்துடலாம், அவருக்கு எதுக்குங்க உங்க தழும்புன்னு. கூடாதுன்னுட்டேன். தழும்பு இல்லைன்னா அப்பறம் அது யாரோட விரல்? சொல்லுங்க. மேடம் மாப்பிள்ளையைப் பார்த்தாங்க. அவரு, "மச்சான் சொல்றபடியே இருக்கட்டுங்க" அப்படின்னாரு. எதுத்துப் பேச மாட்டாருங்க. தங்கமான மனுசன்னு சொன்னேன் இல்லை.

போட்டதும் பார்க்கணுமே. நகத்துக்குக் கீழ ரத்தம் ஓடறாப்பல இருக்குது. விரல் முதுகுல ரெண்டு மூணு முடிகூட நட்டிருந்தாங்க. சேர்ற இடம் தெரியாம இருக்க ஒரு மோதிரம். மாப்பிள்ளை கையைத் துண்டுக்குள்ளயிருந்து வெளிய எடுத்து, சன்னல் வெளிச்சத்துல இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தாரு. கண்ணுல தண்ணி. துளசி அவரு தோளைப் புடிச்சுக்கிட்டா. நான் மேடம்கிட்ட, "விரல் குடுத்த ஆளு நான்தான்னு உங்க புக்குல எழுதி வெச்சுக்குங்க"ன்னு ஞாபகப்படுத்தினேன்.

அதுக்கப்பறம் மனுசன் வெளிய வந்தாரு. கோயிலுக்கு வந்தாரு, டீக்கடைக்கு வந்தாரு. யாரும் கண்டுபிடிக்கலை. எவ்வளவோ பேரு கை குடுத்தாங்க, ஒருத்தருக்கும் சந்தேகம் வரலைங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை. இப்படி ஒரு வேலைப்பாடு, யாருக்கும் தெரியாமயே போயிட்டா எப்படி? அதனால அவரு கை குடுத்துட்டு அக்கட்டால நகர்ந்ததும் நான் சொல்வேன், "பார்த்தீங்களா அந்த விரலை? அது என்னுது." ஆளு அசந்து போயிருவாங்க. திரும்ப ஓடிப் போய் இன்னொரு தடவை கை குடுப்பாங்க.

தினமும் காலையில போன் பண்ணி விசாரிப்பேன். விரல் எப்படி இருக்குது, சோப்புப் போட்டுக் கழுவினீங்களா, மஞ்சள் படாமப் பார்த்துக்குங்க, கறை புடிச்சா போகாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. சாயங்காலம் பொழுதோட நேர்ல போயும் ஒரு நடை பார்ப்பேன். ஒரு நாள் அந்த விரலை விட்டுக் காதைக் குடைஞ்சுட்டு இருந்தாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசிருச்சு. என் விரலுங்க. நான் எந்தக் காதை வேணும்னாலும் குடைவேன், அடுத்தவங்க காதைக் குடைவனா? மரியாதையா எடுத்துச் சொன்னேன். அவரும் விரலை எடுத்துட்டாரு.

துளசிதான் ஒரு நாள் கடைக்கு வந்து சொன்னா. "அண்ணா, யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே அதைச் செஞ்சதே. நீயே ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தா எப்படி?"

நான் கேட்டேன், "நான் வெளியாளுககிட்டயா அம்மிணி சொன்னேன்? தெரிஞ்சவங்ககிட்டத்தானே சொன்னேன்?" அவ எந்திரிச்சு வீட்டுக்குக் கெளம்பிட்டா. பேசறதுக்கு என்ன இருக்குது.

இங்கதாங்க நடந்துச்சு பெரிய கூத்து. எங்க வீட்டுக் குளிக்கிற தண்ணி பக்கத்து வீட்டு வாத்தியார் வாசல்ல கொஞ்சம் போகும். கொஞ்சம்தான். அவரு ஊர்ல நியாயம் வெச்சுட்டாரு. கோயில் மண்டபத்துல எல்லாரும் உக்காந்தோம். மாப்பிள்ளை வந்திருந்தாரு, விபத்துக்கு அப்பறம் மொத தடவையா நியாயம் பேச வந்தாரு. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம ஆளுன்னு இருந்தேன். வாத்தியார் பேசினாரு. நான் நிறையப் பேசினேன். கடைசியில மாப்பிள்ளை கையைத் தூக்கினாரு. தூக்கி, விரலை நீட்டினாரு. யார் பக்கமுங்க? என் பக்கம். "தப்பு இவரு பேர்லதான்" அப்படின்னாரு.

என் விரல். நான் மூச்சுப் புடிச்சுக் குடுத்த விரல். என் தழும்போட என்னைப் பார்த்து நீட்டிக்கிட்டு நிக்குது.

எந்திரிச்சுட்டேனுங்க. "மாப்பிள்ளை, நீங்க என்ன தீர்ப்பு வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா அந்த விரலால சொல்லாதீங்க. என் விரலை என் பக்கமே நீட்டறதுக்கு உங்களுக்கு உரிமை இல்லை"ன்னேன்.

மண்டபத்துல எல்லாரும் திரும்பி அந்த விரலைப் பார்த்தாங்க. பாதிப் பேருக்கு அதுவரைக்கும் தெரியாது போல. மாப்பிள்ளை என்னையே பார்த்தாரு. அப்பறம் மெதுவா அந்த விரலைக் கழட்டினாரு, மோதிரத்தோட. துண்டுல தொடைச்சு மேஜை மேல வெச்சாரு. நாலு விரல் கையை அப்படியே எல்லாருக்கும் தெரியறாப்பல விரிச்சு நீட்டி, "தண்ணியை மச்சான் தன் பக்கமே திருப்பிக்கணுமுங்க" அப்படின்னுட்டு உக்காந்துட்டாரு. ஊரே சரின்னு எந்திரிச்சுப் போயிருச்சு. மேஜை மேல கெடந்த விரலும் என் பக்கம்தான் நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

தண்ணியைத் திருப்பிட்டேனுங்க. அது வேற விஷயம்.

அதுக்கப்பறம் அவரு விரலைப் போடறதை விட்டுட்டாரு. போன் பண்ணினா எடுக்கறது இல்லை. பொழுதோட போனா மில்லுக்குப் போயிட்டாருன்னு சொல்வாங்க. என்ன மனஸ்தாபமோ எனக்குத் தெரியலை. நான் கோவிச்சுக்க வேண்டிய விஷயத்துக்கு அவரு கோவிச்சுக்கறாரு.

இப்படி இருக்கறப்பத்தான் துளசி பொண்ணுக்கு வரன் அமைஞ்சது. தாரிணின்னு பேரு, தங்கமான அம்மிணி, எங்க வீட்டுலயே பாதி நாள் வளர்ந்தவ. வெள்ளகோயில் பக்கம் பையன் வீடு. சம்பந்தி பேரு நல்லசிவம், கொஞ்சம் கறாரான மனுசன். நிச்சயம் அன்னிக்கு மட்டும் விரலைப் போட்டுக்கிட்டுத் தட்டு மாத்தச் சொல்லி துளசி மாப்பிள்ளையைக் கெஞ்சியிருக்கறா. என்கிட்டயும் வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "அண்ணா, இந்த ஒரு நாள் மட்டும் நீ எதுவும் சொல்லாம இரு. எம் பொண்ணு நல்லபடியாப் போகட்டும்"ன்னா. நான் என்ன சின்னப் பையனா? சத்தியமே பண்ணிக் குடுத்தேன்.

நிச்சயம் நல்லா நடந்துச்சுங்க. மாப்பிள்ளை தட்டு மாத்தினாரு. விரல் அத்தனை அழகா இருந்துச்சு. நான் வாயைத் திறக்கலை. சம்பந்திக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், தாய்மாமன் இல்லைங்களா, அந்த மரியாதை உண்டு. அவராத்தான் கேட்டாரு. "உங்க மாப்பிள்ளை போட்டிருக்கிற மோதிரம் நல்லா இருக்குதே, எங்க செஞ்சதுங்க?"

நான் சொன்னேன், மோதிரம் திருப்பூர்ல, விரல் கோயமுத்தூர்லன்னு.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றது தப்புங்களா? சத்தியத்தை நான் மீறவே இல்லை. நானா எதுவும் ஆரம்பிக்கலை.

சம்பந்திக்குப் புரியலை. வெளக்கினேன். தழும்பை ரெண்டு பக்கமும் ஒத்துப் பார்க்கச் சொன்னேன். அவரு எந்திரிச்சுப் போய் மாப்பிள்ளைகிட்ட, ஏதோ கேள்விப்பட்டேனே, பார்க்கலாமுங்களான்னு கேட்டுட்டாரு. மாப்பிள்ளை என்னைத்தான் பார்த்தாரு. கோவமா இல்லைங்க, ஓஞ்சு போனவங்க பார்ப்பாங்களே, அப்படி. அப்பறம் கழட்டி சம்பந்தி கையில குடுத்துட்டாரு. அவரு பார்த்துட்டு அவரு தம்பிகிட்டக் குடுத்தாரு. தம்பி ஒரு தட்டுல வெச்சு அடுத்த வரிசைக்கு அனுப்பினாரு. தட்டு பொம்பளைங்க பக்கம் போச்சு. எல்லாரும் தொட்டுப் பார்த்தாங்க, நகத்தைச் சுரண்டிப் பார்த்தாங்க. ஒருத்தங்க மோந்துகூடப் பார்த்தாங்க. நான் கூடவே போய், யாரோட விரல், எப்படிச் செஞ்சது, எல்லாம் சொல்லிட்டே வந்தேன். வாழ்க்கையில அப்படி ஒரு நாள் எனக்கு வந்ததே இல்லை.

சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாங்க, கூட்டம் கலைஞ்சது. பார்த்தா தட்டு இருக்குது, விரலைக் காணோம்.

மண்டபம் முழுக்கத் தேடினோம். நாற்காலிக்கு அடியில, ஜமக்காளத்துக்கு அடியில, சமையல்கட்டுல. சமையல்காரரு சாம்பார் அண்டாவுக்குள்ள கரண்டி விட்டுத் துழாவிப் பார்த்தாரு. நான் மேளக்காரங்களை நிறுத்தச் சொல்லிட்டு மைக்கை வாங்கினேன். "அன்பார்ந்த ஒரம்பரைகளே, ஒரு விரல் காணாமப் போயிருச்சு. வலது கை ஆள்காட்டி விரல், மோதிரம் போட்டிருக்கும். எடுத்தவங்க மேடைக்குக் கொண்டு வந்து குடுக்கவும்"னு சொன்னேன். மண்டபத்துல அத்தனை பேரும் அவங்கவங்க கையைப் பார்த்துக்கிட்டாங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அத்தனை அமளியிலயும் மாப்பிள்ளை பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு. எல்லாரும் பார்க்கத்தான். நாலு விரல்ல சோத்தைப் பெசைஞ்சு, ரசம் ஊத்தி, பாயாசம் வரைக்கும் நிதானமாச் சாப்பிட்டாரு. துளசி பக்கத்துல நின்னு பரிமாறிக்கிட்டே கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. இங்க விரலைக் காணோம்னு நான் துடிக்கிறேன், அவருக்குப் பாயாசம் ரெண்டாவது தடவை கேட்குது.

விரல் எங்க போயிருந்துச்சு தெரியுமுங்களா? தாம்பூலப் பைக்குள்ள. வெத்தலை பாக்கு வெச்சிருந்த தட்டுகளோட இந்தத் தட்டும் கலந்துருச்சு. யாரோ அவசரத்துல அள்ளிப் பையில போட்டுட்டாங்க. பை சம்பந்தியோட ஒரம்பரை ஒருத்தரு வீட்டுக்குப் போயிருச்சு. அந்த வீட்டம்மா சாயங்காலம் தேங்காயை எடுக்கலாம்னு கையை விட்டிருக்காங்க. வெளிய வந்தது மோதிரம் போட்ட விரல். அவங்க போட்ட சத்தத்துல தெருவே கூடி, போலீஸ் வந்து, பையை அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க.

சம்பந்தி போன் பண்ணினாரு. நானும் மாப்பிள்ளையும் போனோம். இன்ஸ்பெக்டர் ஒரு அம்மா. மேஜை மேல துணி விரிச்சு விரலை வெச்சிருந்தாங்க. "இது யாரோட விரல்?"ன்னு கேட்டாங்க.

"என்னுதுங்க"ன்னேன்.

"ரெண்டு கையையும் நீட்டுங்க"ன்னாங்க. நீட்டினேன். எண்ணிப் பார்த்தாங்க. இன்னொரு தடவை எண்ணினாங்க. எனக்குப் பின்னாடி மாப்பிள்ளை நிக்கிறதை அப்பத்தான் பார்த்தாங்க. அவரு கையைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு உயிர் வந்துச்சு. "அப்ப இது உங்களோடதுங்களா?"

மாப்பிள்ளை தலையை ஆட்டினாரு. "இல்லீங்க மேடம். அது மச்சானோடதுதான். அவருகிட்டயே குடுத்துருங்க."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. தண்ணி கொண்டு வரச் சொல்லிக் குடிச்சாங்க. அப்பறம் கையெழுத்து வாங்கிட்டு என்கிட்டக் குடுத்துட்டாங்க. மாப்பிள்ளை மோதிரத்தைக்கூடக் கழட்டிக்கலை. கார்ல வரும்போது அவரு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. "இப்ப உங்களுக்குத் திருப்திங்களா மச்சான்?" எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அந்த நேரத்துலயும் என் திருப்தியைத்தான் கேட்கறாரு. ரொம்பத் திருப்தின்னேன்.

ஆனா கொண்டு வந்து வீட்டுல வெச்சுக்கிட்டு அதை என்ன பண்றதுங்க? சாமி அலமாரியில வெச்சேன். என் வீட்டுக்காரி சரோஜா, விரல் இருக்கிற அலமாரிக்கு விளக்கு வெக்க மாட்டேன்னுட்டா. பீரோவுல வெச்சா சேலை எடுக்கறப்பக் கை பட்டு அலறறா. போனைத் திறக்குதான்னு ஒரு நாள் அதை வெச்சு அழுத்திப் பார்த்தேன். திறக்கலை. என் விரல், என் போன், ரெண்டுக்கும் அறிமுகமே இல்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை நாலு விரலோடயே ஊரெல்லாம் கையை வீசிட்டு நடக்கறாரு. துண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. கூச்சமே போயிருச்சு. நியாயத்துக்குக் கூப்பிட்டா உடனே போறாரு. கையை முழுசா விரிச்சு நீட்டறாரு, அதுக்கும் ஊர் கட்டுப்படுது. நான் பட்ட பாடெல்லாம் யாருக்காகங்க?

சம்பந்தி வீட்டுல ஒரு சலசலப்பு. கல்யாணத்தை நிறுத்திருவாங்களோன்னு துளசி பயந்துட்டா. பேசப் போனப்ப சம்பந்தி சொன்னாராம், "விரல் இல்லாத வீட்டுல பொண்ணு எடுக்கறதுக்கு எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அவரு பந்தியில உக்காந்து சாப்பிட்டதைப் பார்த்தேன், அந்த மனுசன் மேல மரியாதைதான் வந்துச்சு. வாய் அடங்காதவங்க இருக்கறதுதான் யோசனையா இருக்குது." யாரைச் சொன்னாருன்னு தெரியலை. துளசி கொஞ்சம் பேசுவா, அவளைத்தான் சொல்லியிருப்பாரு. நான் அவகிட்டச் சொன்னேன், இனிமே பார்த்துப் பேசு அம்மிணின்னு.

அப்பறம் ஏதோ கண்டிஷன் எல்லாம் பேசி முடிச்சுக்கிட்டாங்க. என்ன கண்டிஷன்னு எனக்கு விவரம் தெரியாது. போன வாரம் துளசி எங்க வீட்டுக்கு வந்தா. சரோஜா குடுத்த காப்பியைக் கையிலயே வெச்சு ஆற விட்டா. அப்பறம் சொன்னா, "அண்ணா, முகூர்த்தத்தன்னிக்குப் பழனியில பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு அர்ச்சனை நடக்கணும். அதைத் தாய்மாமன்தான் பண்ணணும். நீதான் போகணும்." எங்க குடும்பத்துல இப்படி ஒரு வழக்கம் இருக்கறது எனக்கே தெரியாதுங்க. துளசிக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்.

"அப்ப மாமன் சீர் யாரு செய்வா?"ன்னு கேட்டேன்.

"நம்ம சித்தப்பா பையன் யாராவது செய்யட்டும் அண்ணா"ன்னா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கலை.

தாரிணியை நான் தோள்ல தூக்கி வளர்த்தவன். அவ காதுகுத்துக்கு என் மடியில உக்காந்துதான் அழுதா. வேற ஒருத்தன் கையால அவளுக்கு மாலையா? உக்காந்து யோசிச்சேன். யோசிக்க யோசிக்கப் பளிச்சுன்னு தெரிஞ்சது. எந்திரிச்சுப் போய் பீரோவைத் திறந்து விரலை எடுத்துட்டு வந்தேன். துணியில சுத்தி துளசி கையில வெச்சேன். "நான் பழனிக்குப் போறேன் அம்மிணி. இது கல்யாணத்துக்கு வரட்டும். சீர்த் தட்டுல, நான் வாங்கின சேலைக்கு மேல வெச்சிருங்க. இதுவும் நான்தானே"ன்னேன்.

துளசி அதைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சா. சிரிச்சுட்டே இருந்தவ அழ ஆரம்பிச்சுட்டா. எங்க அம்மா செத்தன்னிக்குக்கூட என்னைக் கட்டிப் புடிச்சு அவ அப்படி அழலை. சந்தோசம்தான், வேற என்ன.

இன்னிக்குத்தானுங்க கல்யாணம்.

ஆமாங்க, இன்னிக்கே. காலையில நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், மாப்பிள்ளை வந்து நிக்கிறாரு. பொண்ணோட அப்பா, கல்யாணத்தன்னிக்குக் காலையில, பட்டு வேட்டியோட. எத்தனை வேலை இருக்கும். என்னை ஏத்தி விடறதுக்காக வந்திருக்கறாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம நின்னோம். நான்கூடப் பேசலைங்க. ஏனோ வரலை. வண்டி வந்ததும் சட்டைப் பையிலிருந்து விரலை எடுத்துக் காமிச்சாரு. "தட்டுல வெக்கலைங்க மச்சான். மாமன் சீர் நேரத்துல உங்க எடத்துல நானே நின்னு இதைப் போட்டுக்கறேன். அவ கழுத்துல மாலையை உங்க விரல்தான் போடும். அட்சதையும் உங்க விரல்தான் போடும். கோயில்ல நல்லாக் கும்பிட்டுட்டு வாங்க" அப்படின்னாரு. அப்பறம் என் கையைப் புடிச்சு, இதோ இந்த விரலை மட்டும் கொஞ்ச நேரம் தனியாப் புடிச்சிருந்துட்டு விட்டாரு.

எந்தத் தாய்மாமனுக்குங்க இந்தப் பாக்கியம் கெடைக்கும்? பழனியில நான், மணமேடையில நான். அந்த சித்தப்பா பையனுங்களுக்கு இது வருமா?

இப்ப மணி என்ன ஆச்சுங்க? அப்படிங்களா. அப்ப மேளம் கொட்டியிருப்பாங்க. மாலை போட்டாச்சு, தாலி கட்டியாச்சு, அரிசியை எடுத்து எல்லாரும் போட்டுட்டு இருப்பாங்க. அம்மிணி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அவ யாரையாவது தேடுவாளாங்க? கூட்டத்துல அப்படிப் பார்த்து, மாமனைக் காணோமேன்னு? தேட மாட்டா. விரல்தான் இருக்குதே.

ஏனுங்க, சித்த அந்தக் கண்ணாடியைச் சாத்தறீங்களா. விரல் நுனி சில்லுன்னு இருக்குது. காத்துத்தான், வேற ஒண்ணும் இல்லை.